துருவுக்குக் கணினி மட்டும் போதுமா?

"உலோகத் தகட்டைக் கடற்கரையில் வருடக்கணக்கில் வைத்து ஏன் காத்திருக்க வேண்டும்? விமானத்தில் அரிப்பு எப்படி வளரும் என்று கணினி ஒரே இரவில் காட்டிவிடுமே!" என்று படித்த பிள்ளைகள் சிலர் பேசுகிறார்கள். நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது துருவுக்கு 'ரூய்' என்று கற்றேன். அது இரும்புக்கு வருவது. விமான உடலின் அலுமினியக் கலவையில் வருவது வெள்ளைப் பொடி. பலத்துக்காகச் சேர்க்கும் செம்பே, உப்பு ஈரம் பட்டால் குழி விழக் காரணமாகிறது. தகட்டின் மேல் தகடு படியும் இடத்தில் அந்தப் பொடி பெருத்து இரண்டையும் பிரிக்கிறது.

கணினியில் உலோகத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டம் எவ்வளவு காலத்தில் கரையும் என்று கணக்கிடுகிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் அந்த 'எவ்வளவு' எங்கிருந்து வருகிறது? 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார், மண்டபம் கடற்கரையில் தகடுகளை உப்புக் காற்றில் வைத்து எடைக் குறைவை அளந்தார்கள். இப்படிப்பட்ட பதிவுகள்தாம் கணினிக்குச் சோறு.

அரசு அலுவலகத்தில் காலம் கழித்தவர்களுக்கு இது புரியும். அடங்கலில் தப்பாக ஏறிய சர்வே எண், கணினிச் சிட்டாவிலும் தப்பாகத்தான் வரும். அச்சு மட்டும் அழகாக இருக்கும்.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றின் கூரை, நடுவானில் சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்ந்து போனது. பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு மாண்டார். 19 வயதான அந்த விமானம் தீவுக்குத் தீவு கடற்காற்றில் 89,680 முறை பறந்திருந்தது. தகடுகளின் ஒட்டு விட்டு, ஈரம் புகுந்து, ரிவெட் துளைகளில் விரிசல் ஓடியிருந்தது. பராமரிப்பில் அதைக் கண்டுபிடிக்கத் தவறினார்கள் என்றது அமெரிக்க விசாரணை. ஏறும்போதே ஒரு பயணி விரிசலைப் பார்த்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை.

எங்கே முதலில் பார்க்க வேண்டும் என்று கணினி சொல்லட்டும். ஆனால் கடற்கரையில் தகடு வைப்பவரையும், விளக்கைப் பிடித்து ரிவெட் ரிவெட்டாகப் பார்ப்பவரையும் வீண் செலவு என்று யாரும் சொல்ல வேண்டாம். வெளிநாட்டிலிருந்து நம் பேரப்பிள்ளைகள் வந்து இறங்குவதும் விமானத்தில்தான்.