பழைய பொட்டியைத் தூக்கிப்போடச் சொல்லும் பெரியவங்களுக்கு

"விண்டோஸ் 98ஆ? டாஸா? தூக்கிப் போடுய்யா!" இப்படி ஜல்லியடிக்கிறவங்களுக்கு ஒரு கேள்வி. புது மென்பொருள் அதுல ஓடாததுக்குப் பொட்டி மட்டுமா காரணம்? விஷுவல் சி++ 2008லேயே விண்டோஸ் 98க்குக் கம்பைல் பண்ற வசதியை மைக்ரோசாஃப்ட் கழட்டிட்டாங்க. கடைக்காரன் ஷட்டரை இறக்கினா பொட்டி செத்துடுச்சுன்னு அர்த்தமா?

1989ல ஜிசிசி டாஸுக்கு வருமான்னு டிஜே டெலோரி கேட்டார். அது ரொம்பப் பெருசு, வராதுன்னார் ஸ்டால்மன். ஜிசிசியை எழுதினவரே அவர்தான்! டெலோரி விடலை. 386 சிப்போட 32 பிட் வசதியைப் பிடிச்சு டிஜேஜிபிபியைக் கட்டிட்டார். ஓசி கம்பைலர்தானேன்னு இளிக்காதீங்க, 1996ல வந்த குவேக் விளையாட்டோட டாஸ் பதிப்பு அதுல பண்ணினதுதான்.

ரேம் பத்தலைன்னா சொல்லுங்க, ஒத்துக்கறேன். மூல நிரல் கையில இருந்தும் மேக்ஃபைலைத் திருத்த ரெண்டு நாள் உக்காரச் சோம்பல்னா, அதையே சொல்லிட்டுப் போங்க. பொட்டி மேல ஏன் பழி?