அப்படியே போட்டோ மாதிரி இருக்கு!

பென்சில்ல வரைஞ்ச முகம் ஒண்ணைக் காட்டினா நம்மாளுங்க வாயில இருந்து வர்ற முதல் பாராட்டு இதுதான்: "அப்படியே போட்டோ மாதிரி இருக்குப்பா!" என்னைக் கேட்டா இந்தப் பாராட்டைத் தடை பண்ணணும். அதுவும் குழந்தை படம்னா கண்டிப்பா.

சொந்த அனுபவம்தான். அக்கா பையனுக்கு ரெண்டு வயசு. அவன் போட்டோவைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு மூணு ராத்திரி உட்கார்ந்தேன். 2பி, 4பி, 6பின்னு பென்சில் வாங்கி, விரலால தேச்சுத் தேச்சு நிழல் போட்டு, கண்ணுக்குக் கீழ, மூக்கு ஓரம், உதட்டு ஓரம்னு ஒரு கோட்டையும் விடல. அக்கா பார்த்துட்டு, "டேய், இது எங்க மாமனார்டா"ன்னா. வீடே சிரிச்சுது.

யோசிச்சுப் பார்த்தா தப்பு என்னதுதான். பெரியவங்க முகத்துல எலும்பு தெரியும், சுருக்கம் இருக்கும், பென்சிலுக்குப் பிடி கிடைக்கும். குழந்தை கன்னம் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னே சொல்ல முடியாது. நாம சேர்க்கிற ஒவ்வொரு கோடும் வயசைக் கூட்டும். குழந்தைத்தனம் இருக்கிறது வடிவத்துல. பெரியவங்களுக்குக் கண்ணு தலையோட உயரத்துல ஏறக்குறைய நடுவுல இருக்கும். குழந்தைக்கு அதுக்கும் கீழ, மேல முழுக்க நெத்திதான். மூக்கு, தாடை எல்லாம் குட்டி. இந்தக் கணக்கு சரியா விழுந்துட்டா கன்னத்துக்கு ஒரே ஒரு வளைவு போதும்.

ஆல்பிரெக்ட் டியூரர் 1484ல, 13 வயசுல, கண்ணாடியில பார்த்துத் தன்னையே வரைஞ்ச படம் ஒண்ணு வியன்னா ஆல்பர்டினா மியூசியத்துல இருக்கு. பென்சில்கூட இல்ல, வெள்ளி முனை. போட்ட கோட்டை ரப்பர் வெச்சு அழிக்கிற கதையே கிடையாது. சட்டைக் கையைப் பாருங்க, மடிப்பு மேல மடிப்பா கோடு. (நீட்டின விரல் கொஞ்சம் விறைப்புதான், ஒத்துக்கறேன்.) முகத்துக்கு வந்ததும் கை அடங்கிடுது. கன்னத்துல பெரும்பாலும் வெறும் காகிதம், அதுதான் சதையாத் தெரியுது. எங்க நிறுத்தணும்னு 13 வயசுப் பையனுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு 28 :-)

முடி முடியா வரையறவங்க உழைப்பை நான் குறை சொல்லல. ஆனா வெளிச்சம் எங்கேர்ந்து விழணும், எந்த நொடியைப் பிடிக்கணும்னு முடிவு பண்ணது போட்டோ எடுத்தவர். நாம நகல்தான் எடுக்கறோம். கோட்டை நம்பி வரையறவன் எதை விடணும்னு தானே முடிவு பண்ணியாகணும். கோபுலு படத்தைப் பார்த்து யாராவது போட்டோ மாதிரின்னு சொன்னதுண்டா? ஆனா தில்லானா மோகனாம்பாளை விகடன் வாசகர்கள் முதல்ல பார்த்தது அந்தக் கோட்டுலதானே.

என் விஷயத்துல இன்னொரு கூத்து. அந்த மூணு ராத்திரியும் நான் பையனைப் பார்க்கவே இல்ல, போட்டோவைத்தான் பார்த்திருக்கேன்.

போன ஞாயித்துக்கிழமை அவன் மத்தியானம் தூங்கும்போது, கரண்ட் பில்லோட பின்பக்கத்துல சாதா ஹெச்பி பென்சில்ல வரைஞ்சேன். பத்தே நிமிஷம். நெத்தியில இருந்து தாடை வரைக்கும் ஒரு கோடு, மூடின கண்ணுக்கு ஒரு வளைவு, ஒரு காது. அதுக்குள்ள முழிச்சுட்டான்.

மூக்கு சரியா வரல. ஆனா அக்கா அதைத்தான் பீரோ கதவுல ஒட்டி வெச்சிருக்கா. மூணு ராத்திரிப் படம் எங்க போச்சுன்னு நான் கேக்கல.