புகையிலையும் கமக்காரன் காலும்

யாழ்ப்பாணத்துப் புகையிலை ஒரு காலத்தில் திருவிதாங்கூர் வரை சென்று எமது மக்களுக்குப் பொருளீட்டித் தந்தது. அதனை மறப்பது நன்றி மறப்பதாகும். ஆயினும், அதே இலை மனிதரின் கால்களைக் கவர்ந்து செல்லும் உண்மையை மறைப்பது துரோகமாகும்.

நியூயோர்க் நகரில் லியோ பேர்கர் என்னும் வைத்தியர், வெட்டி அகற்றப்பட்ட 11 அவயவங்களை ஆராய்ந்து, 1908 ஆம் ஆண்டில் ஒரு நோயை விளக்கினார். அது இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது. கை கால்களிலுள்ள சிறிய, நடுத்தர நாடிகளும் நாளங்களும் அழற்சியுற்று, உள்ளே குருதி உறைந்து அடைபடுவதே இந்நோய். இதற்காளாவோரிற் பெரும்பாலோர் 50 வயதைத் தாண்டாத ஆண்கள். ஏறக்குறைய அனைவருமே புகையிலை பாவிப்போர். மேலைநாடுகளிலும் பார்க்க ஆசிய நாடுகளிலேயே இது மிகுதி.

முதலில் நடக்கும்போது பாதமும் கெண்டைக்காலும் வலிக்கும், நின்றால் தணியும். பின்னர் படுத்திருந்தாலும் வலி நீங்காது. விரல்கள் குளிர்ந்து நிறம் மாறும். நுனியில் ஆறாப் புண் தோன்றும். மண்வெட்டி பிடித்த களைப்பென்று இதனை அசட்டை செய்வோர், அழுகல் கண்ட பின்னரே வைத்தியசாலையை நாடுகின்றனர். அப்பொழுது கத்தியே கதியாகின்றது.

மருந்தே இல்லையா எனின், உண்டு. ஐலோபுரொஸ்ட் என்னும் மருந்தை நாளத்தினூடாக, நாளொன்றுக்கு 6 மணி நேரமாக 28 நாட்கள் ஏற்றியபோது, அஸ்பிரின் பெற்றோரைக் காட்டிலும் நோயாளரின் வலியும் புண்ணும் நன்கு தணிந்தன என்று 1990 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் புகையை விடாதவனை அம்மருந்தும் காக்க மாட்டாது. நாளுக்கு ஒன்றிரண்டு சுருட்டுங்கூட நோயை வளர்க்கப் போதும். அழுகல் தொடங்குமுன் புகையிலையை அறவே துறந்தவர் காலிழப்பது அரிது.

2003 ஆம் ஆண்டில் இலங்கை அரசு, புகையிலைக் கட்டுப்பாடு பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் உடன்படிக்கையை ஏற்றது. அதன் 17 ஆம் பிரிவு, புகையிலை பயிரிடுவோருக்குப் பிழைக்கத்தக்க மாற்று வழிகளை வளர்க்குமாறு கூறுகின்றது. பயிரை விடு என்று கட்டளையிடுதல் எளிது. மாற்றுப் பயிரும், அதற்குச் சந்தையும், நியாய விலையும் அளிப்பதே அரசின் கடமை. அதனைக் கேட்டுப் பெறுவது எமது உரிமை.

கற்றோரே, ஊர்தோறும் சென்று இவ்வுண்மையை எடுத்துரையுங்கள். கமக்காரப் பெருமக்களே, அரசு விழிக்கும்வரை காத்திராது, கையிலுள்ள சுருட்டை இன்றே எறியுங்கள். மாற்றுப் பயிரை விதைப்பதற்கும் கால்கள் வேண்டுமல்லவா?