பின்னால் யார்?

சே குவேராவின் முகம் போட்ட டி-சட்டையைப் பார்க்காதவர் நம்மில் அநேகமாக இல்லை. சென்னை ஆட்டோக்களின் முதுகில்கூட அந்தத் தொப்பியும் நட்சத்திரமும் ஊர்வலம் போகும். அவர் புரட்சிக்காரராக அறியப்படுவதற்கு முன்பு தென்னமெரிக்காவைச் சுற்றிய மோட்டார்சைக்கிள் அவருடையது இல்லை என்பதுதான் பலருக்குத் தெரியாது. வண்டிக்குச் சொந்தக்காரர் அல்பெர்ட்டோ கிரனாடோ. வயது 29, உயிர்வேதியியல் படித்தவர். உடன் ஏறிக்கொண்ட எர்னஸ்டோவுக்கு அப்போது 23 வயது. மருத்துவப் படிப்பை இன்னும் முடிக்காத, ஆஸ்துமாவோடு போராடிக்கொண்டிருந்த மாணவர்.

1952 ஜனவரி 4ஆம் தேதி புவனஸ் அயர்ஸிலிருந்து கிளம்பினார்கள். வண்டி 1939ஆம் ஆண்டின் நார்ட்டன் 500. அதற்கு 'லா பொதெரோசா' என்று பெயர் வைத்திருந்தார் கிரனாடோ. வல்லமை மிக்கவள் என்று பொருள். பெயரில்தான் வல்லமை. பலமுறை விழுந்து எழுந்து, சிலி நாட்டோடு வண்டியின் கதை முடிந்தது. மீதித் தூரத்தை லாரியிலும் படகிலும் கால்நடையாகவும் கடந்து ஜூலையில் வெனிசுவேலா போய்ச் சேர்ந்தார்கள். இருவருமே அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதினார்கள். உலகம் அதிகம் படித்தது வண்டிக்காரரின் புத்தகத்தை அல்ல, கூட வந்தவரின் புத்தகத்தை!

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மோட்டார்சைக்கிள் பயணம் என்றாலே நம் பேச்சு எஞ்சினிலும் 'சிசி'யிலும் ஓட்டுபவரின் வீரத்திலும் நின்றுவிடுகிறது. பின்னால் உட்காருபவரை மூட்டையோடு மூட்டையாகச் சேர்த்துவிடுகிறோம். நான் அந்த மூட்டைக் கட்சியைச் சேர்ந்த ஆள். எனவே இந்த வாரம் எங்கள் கட்சியின் சார்பில் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன்.

என் கல்லூரி நண்பர் குவீன்ஸ்டவுன்வாசி. அந்த வட்டாரத்துக்கும் நீண்ட சாலைக்கும் பழைய உறவு உண்டு. நம் அப்பா, சித்தப்பா தலைமுறையில் பலர் குவீன்ஸ்டவுன் ஓட்டுநர் தேர்வு மையத்தில்தான் பயந்து பயந்து உரிமம் எடுத்தார்கள். 2011 ஜூன் கடைசிவரை தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்ட மலாயா ரயில் தங்ளின் ஹால்ட் பக்கமாகத்தான் வடக்கே போனது. நண்பருக்குச் சின்ன வயதில் மலேசியா என்பது வீட்டருகே கூவிக்கொண்டு போகும் ஒரு சத்தம்.

அவருடைய 400 சிசி வண்டிக்குப் பத்தாண்டு சிஓஇ முடியவிருந்தது. 2022ல் மோட்டார்சைக்கிள் சிஓஇ 12,000 வெள்ளியைத் தாண்டிப் போனது நினைவிருக்கும். சில வண்டிகளின் விலையே அவ்வளவு இருக்காது. புதுப்பிக்க அவருக்கு மனம் வரவில்லை. "வண்டிய ஒப்படைக்கிறதுக்கு முன்னாடி ஒருவாட்டி மே ஹொங் சொன் போய்ட்டு வந்துடலாம். பின்னாடி வர்றியா?" என்று கேட்டார். வடதாய்லாந்தின் மலைமாநிலம் அது. சியாங் மாயிலிருந்து அங்கே போகும் பாதையில் 1,864 வளைவுகள் என்று டி-சட்டையில் அச்சடித்தே விற்கிறார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான். "அவன் நல்லா ஓட்டுவான், அது எனக்குத் தெரியும். நீ பின்னாடி தூங்காம இருப்பியா?"

சிரித்துவிட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதைவிடச் சரியான கேள்வி கிடையாது. சிங்கப்பூரில் ஓடும் வாகனங்களில் மோட்டார்சைக்கிள்கள் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். சாலை விபத்துகளில் இறப்பவர்களிலோ, 2024ஆம் ஆண்டில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார்சைக்கிளோட்டிகளும் பின்னால் அமர்ந்தவர்களும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையை ஏற்றக்கூடாது, இரு பக்கமும் காலைப் போட்டுத்தான் உட்காரவேண்டும், தலைக்கவசம் கட்டாயம் என்று நம் சட்டம் பின்னிருக்கைக்கும் விதி எழுதிவைத்திருப்பது சும்மா அல்ல.

ஓர் ஆள் பின்னால் ஏறியதும் வண்டியே வேறு வண்டியாகிவிடுகிறது. எடை பின்சக்கரத்துக்குப் போகிறது, முன்சக்கரம் லேசாகிறது, பிரேக் பிடித்து நிற்க அதிகத் தூரம் தேவைப்படுகிறது. பின் டயரில் கூடுதல் காற்று அடைத்து, பின் ஸ்பிரிங்கையும் கொஞ்சம் இறுக்கவேண்டும். இதெல்லாம் ஓட்டுபவர் செய்யும் வேலை. வளைவில் வண்டி சாயும்போது பயத்தில் எதிர்ப்பக்கம் நிமிராமல் கூடவே சாய்வது மட்டும் பின்னிருப்பவரின் வேலை. கேட்க எளிது. மணிக்கு 70 கிலோமீட்டரில் மலைச்சரிவு ஒரு பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போது, உடம்பு மூளை சொல்வதைக் கேட்காது. நண்பர் சொல்லிக்கொடுத்த வழி: வளைவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துத் தோளுக்கு மேலாகப் பார். பார்வை போகும் இடத்துக்கு உடம்பு தானாகப் போகும். சிவப்பு விளக்கில் நின்றாலும் காலைத் தரையில் வைக்காதே. நான் சொல்லாமல் ஏறாதே, இறங்காதே.

விடியற்காலை நான்கு மணிக்குக் குவீன்ஸ்டவுன் வாகன நிறுத்துமிடத்திலிருந்து கிளம்பி, துவாஸ் இரண்டாம் பாலத்தைக் கூட்டம் சேர்வதற்குள் கடந்தோம். மலேசியாவின் வடக்கு-தெற்கு விரைவுச்சாலை ஜோகூரிலிருந்து புக்கிட் காயு ஹீத்தாம் வரை 772 கிலோமீட்டர். மோட்டார்சைக்கிளுக்குச் சுங்கக் கட்டணம் இல்லை என்பது நம்மவர்களுக்கு எப்போதும் ஓர் இனிப்பு. அந்தச் சாலையை நான் காரில் பலமுறை பார்த்திருக்கிறேன், ஆனால் முகர்ந்தது கிடையாது. எண்ணெய்ப்பனை ஆலையின் புளித்த வாடை, மழைக்கு முந்திய மண், லாரி டீசல், ஈப்போவை நெருங்கும்போது சுண்ணாம்புக் குன்றுகளின் ஈரம். முதல் நாள் மழையில் ஒரு மேம்பாலத்தின் அடியில் ஒதுங்கினோம். ஏற்கெனவே அங்கே பத்துப் பன்னிரண்டு பேர். தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்கள், மீன் பெட்டியோடு ஒருவர், கணவனின் முதுகில் தலைசாய்த்து ஓர் அக்கா. யாரும் யாரையும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. மழை குறைந்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள்.

என் தொழிலே பேச்சு. வானொலியில் மூன்று நொடி மௌனம் விழுந்தால் நிலையமே பதறும். தலைக்கவசத்துக்குள் பேசிக்கொள்ளும் கருவி எங்களிடமும் இருந்தது. முதல் நாள் நான் நேர்முக வர்ணனையே செய்துகொண்டு வந்தேன், பாவம் அவர். ஹாட் யாயைத் தாண்டியதும் பேச்சு தானாகக் குறைந்தது. தோளில் ஒரு தட்டு என்றால் தண்ணீர், இரண்டு தட்டு என்றால் நிறுத்து. இது போதுமானதாக இருந்தது. அவர் தோள் இறுகுவதைக் கண்டே களைப்பு தெரிந்துவிடும். ஓட்டுபவர் சாலையை மட்டும்தான் பார்க்கிறார், அவரைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் பின்னால் இருப்பவர். மூன்றாம் நாள் மதியம் சும்போனுக்கு முன்னால் நான் இரண்டு தட்டு தட்டினேன். "இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டுவேன்," என்றார். மறுபடியும் தட்டினேன். நிறுத்திவிட்டு, பெட்ரோல் நிலையத்து நிழலில் நாற்பது நிமிடம் தூங்கினார்.

அன்றிரவு சாப்பிடும்போது அவராகவே சொன்னார். "தனியா வந்தா நூறுக்கு மேல போவேன். விழுந்தா நான் மட்டும்தான். நீ பின்னாடி இருக்கும்போது உங்க அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்திருக்காங்க." பயம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ஓட்டுபவரின் பயம் இரண்டு ஆள் எடை என்பது அன்றுதான் தெரிந்தது.

இரண்டு பேர் சேர்ந்த பயணம் என்றால் என் மனத்தில் சே-கிரனாடோவைவிட உயரத்தில் இருப்பவர்கள் இரண்டு பெண்கள். தெரசா வாலக், ஃபுளோரன்ஸ் பிளென்கிரன். 1934 டிசம்பர் 11ஆம் தேதி லண்டனிலிருந்து 600 சிசி பேந்தர் வண்டியில், பக்கவண்டியையும் பின்னால் ஓர் இழுவைப் பெட்டியையும் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். சகாராவைக் குறுக்கே கடந்து, பாலைவனத்தில் எஞ்சின் கெட்டு, அதைச் சரிசெய்துகொண்டு, 1935 ஜூலை 29ஆம் தேதி கேப்டவுனில் போய் நின்றார்கள். ஏழரை மாதம்! மணலில் சக்கரம் புதையும்போது ஓட்டுபவர், உட்காருபவர் என்ற பேதம் எங்கே இருந்திருக்கும்? இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு மண்வாரி, அவ்வளவுதான். வாலக் பின்னாளில் போர்க்காலத்தில் ராணுவத் தூதுவண்டி ஓட்டினார், அமெரிக்காவில் மோட்டார்சைக்கிள் பள்ளி நடத்தினார். இந்தக் கதைக்கு ஏன் இன்னும் ஒரு பெரிய படம் வரவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

எங்கள் பயணத்தில் வளைவுகளைவிட எனக்கு நினைவில் தங்கியது ஒரு பெயர்ப்பலகை. பேங்காக்கைத் தாண்டி வடக்கே போனால் தாக் என்ற ஊர் வரும். சியாங் மாய்க்கு நேரே போகவேண்டும். இடப்பக்கம் திரும்பினால் மே சொட், மியன்மார் எல்லை. நண்பர் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

அவருடைய பாட்டி ரங்கூனில் பிறந்தவர். அந்தப் பலகை காட்டிய பக்கம்தான் ரங்கூன். அதற்கும் அப்பால் மாண்டலே, பிறகு இந்திய எல்லையில் மணிப்பூரின் மோரே. மோரேயில் தமிழர் குடியிருப்பு உண்டு, அங்காளபரமேஸ்வரி கோயிலும் உண்டு. 1962ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தபின் உடைமைகளை விட்டுத் தமிழ்நாட்டுக்கு வந்தவர்களில் சிலர், அங்கே ஒட்டமுடியாமல் தரைவழியாகவே பர்மாவுக்குத் திரும்ப முயன்றார்கள். எல்லையில் தடுக்கப்பட்டவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். மோரேயிலிருந்து இம்பால், குவாஹாட்டி, கொல்கத்தா, பிறகு கிழக்குக் கரையோடு இறங்கினால் சென்னை. சிங்கப்பூரிலிருந்து கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர் வருகிறது. இடையில் கடலே குறுக்கிடாத ஒரே சாலை.

2018 ஆகஸ்ட்டில் மோரே எல்லை வெளிநாட்டுப் பயணிகளுக்கும் திறக்கப்பட்டபோது இங்குள்ள பலர் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். பிறகு கொவிட், 2021 பிப்ரவரியில் மியன்மார் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, 2023 மே மாதம் மணிப்பூரிலும் கலவரம் மூண்டது. மே சொட்டுக்கு எதிர்க்கரையிலிருக்கும் மியாவடியைச் சுற்றிச் சண்டை நடந்தது. நமக்கு இது நடக்காமல் போன ஒரு சுற்றுலா. அந்தச் சாலையோரத்தில் வாழ்கிறவர்களுக்கு வீடு, கடை, உயிர். அதனால் "ச்சே, போக முடியலையே" என்று அலுத்துக்கொள்ளக்கூட எங்களுக்கு வாய் வரவில்லை. பத்து நிமிடம் போல நின்றோம். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. என் வாழ்நாளில் நான் நிரப்ப முயலாத மிக நீளமான மௌனம் அதுவாகத்தான் இருக்கும். பிறகு அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, நேரே ஓட்டினார்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தாய்லாந்து எல்லையில் வண்டியைத் தற்காலிகமாக இறக்குமதி செய்வதாகச் சுங்கப் பத்திரம் எழுதவேண்டும். வண்டி ஓட்டுபவரின் பெயரில் இல்லையென்றால் உரிமையாளரின் அனுமதிக் கடிதம் வேண்டும். அந்நாட்டின் கட்டாயக் காப்பீட்டை எல்லையிலேயே வாங்கலாம். ஆனால் பின்னால் உட்காருபவர்கள் கிளம்புவதற்கு முன்பே வாய்திறந்து கேட்கவேண்டிய கேள்வி வேறு: விழுந்தால் என் மருத்துவச் செலவை எந்தக் காப்பீடு தரும், எந்த நாட்டில், எவ்வளவு? பயணக் காப்பீடுகள் சிலவற்றில் மோட்டார்சைக்கிளுக்குத் தனி நிபந்தனை இருக்கும். நண்பனிடம் இதையெல்லாம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்படாதீர்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் நண்பரின் பின்னால் 5,000 கிலோமீட்டர் உட்காரவே வேண்டாம்.

ஊர் திரும்பிய மறுமாதம் வண்டியை ஒப்படைத்துவிட்டார். இரண்டு மாதம் எம்ஆர்டியில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்வந்தார். இப்போது பழைய வண்டி ஒன்று தேடிக்கொண்டிருக்கிறார். சென்ற வாரம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தோம். விற்பவர் எஞ்சினைப் பற்றி விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நண்பர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பின்னிருக்கையை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"முதல்ல நீ ஏறி உட்காரு."