பனிமலைக்குத் தனியே ஒரு பயணம்



இலண்டனில் மேற்படிப்புப் படிக்கும் உங்கள் மகன் ஓர் இரவு தொலைபேசியில் அழைக்கிறான். "வாப்பா! ஜனவரியில் ஒரு வாரம் பிரான்ஸ் நாட்டு ஆல்ப்ஸ் மலைக்குப் பனிச்சறுக்குப் பழகப் போகட்டுமா? தோழர்கள் யாரும் வரவில்லை. தனியாக வருவோரை அங்கே ஒரு குழுவில் சேர்த்துவிடுவார்களாம்" என்கிறான். என்ன விடை சொல்வீர்கள்? 'தனியாகவா? கூடவே கூடாது' என்று மறுப்போர் உண்டு. 'குழுவோடுதானே, போய் வா' என்று மறுகேள்வியின்றி விடுவோரும் உண்டு. இரண்டு விடைகளுமே அவசரத்தில் பிறந்தவை.

முன்பின் அறியாதோர் ஒன்றுகூடிப் பனிமலைக்குச் செல்வது நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. 1932ஆம் ஆண்டு, இலண்டனில் பயின்றுகொண்டிருந்த வியன்னா நகரத்து இளம்பெண் எர்னா லோ, தாயகம் சென்றுவரக் கையில் பணமின்றித் தவித்தார். 'மார்னிங் போஸ்ட்' நாளேட்டில் சிறு விளம்பரம் ஒன்று கொடுத்தார். ஆளுக்கு 15 பவுன் கட்டணத்தில் இரண்டு வாரம் ஆஸ்திரியாவுக்கு அழைத்துச் செல்வதாக அறிவித்து, ஒரு குழுவைத் திரட்டிவிட்டார். அதுவே பின்னர் பயண நிறுவனமாக வளர்ந்தது. பிரான்ஸில் 1965இல் இலாப நோக்கமின்றித் தோன்றிய யு.சி.பி.ஏ. என்ற அமைப்பு, தங்குமிடம், உணவு, சறுக்குப் பலகை, மலையேற்றும் ஊர்திக்கான சீட்டு, பயிற்சி யாவற்றையும் ஒரே கட்டணத்தில் இளைஞர்களுக்கு வழங்கி வருகிறது.

ஆகவே, தனியே செல்பவருக்குத் துணை கிடைப்பது அரிதன்று. ஆனால் துணை வேறு, பாதுகாப்பு வேறு. இந்த வேறுபாட்டைத்தான் நாம் பிள்ளைகளுக்கு உணர்த்த வேண்டும்.

முதலில், அது எத்தகைய குழு என்று கேளுங்கள். சில குழுக்களில் ஆசிரியர் நாள்தோறும் உடன் வந்து கற்பிப்பார். வேறு சிலவற்றில் ஒரே மலைவீட்டில் சேர்ந்து தங்குவதும் உண்பதும் மட்டுமே உண்டு; பகலில் அவரவர் பாடு அவரவருக்கு. முதன்முறை செல்பவருக்கு ஆசிரியர் உள்ள குழுவே தக்கது. அறையைப் பகிர்ந்துகொள்பவர் ஆணா பெண்ணா, எந்த வயதினர் என்பதையும் பணம் கட்டுமுன்னரே கேட்டறிய வேண்டும். தனியறை வேண்டின் பெரும்பாலும் கூடுதல் கட்டணம் உண்டு.

அடுத்தது, உண்மை பேசுதல். ஐரோப்பாவில் சறுக்குத் தடங்களை நிறத்தால் பிரித்திருக்கிறார்கள். பிரான்ஸில் பச்சை மிக எளிது. பின்னர் நீலம், சிவப்பு. கறுப்பு மிகக் கடினம். புதிய நண்பர்கள்முன் வெட்கப்பட்டு, 'எனக்கும் தெரியும்' என்று சொல்லிச் சிவப்புத் தடத்தில் இறங்குபவன் தனக்கும் பிறருக்கும் ஆபத்தாகிறான். காலணியையும் பலகையையும் பிணைக்கும் பூட்டு, விழும்போது தானாகவே விடுபட வேண்டும். எடை, உயரம், வயது, திறமை ஆகியவற்றைக் கேட்டே அதன் இறுக்கத்தை அமைப்பார்கள். தேர்ந்தவன் என்று பொய் சொன்னால் இறுக்கம் கூடிவிடும், விழும்போது பூட்டு விடாது, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். பனிச்சறுக்கில் மிகுதியாகக் காயம்படும் உறுப்பும் முழங்காலே. வாயால் சொன்ன ஒரு பொய்க்குக் கால் தண்டனை அனுபவிக்கிறது!

எல்லாவற்றினும் பெரிய ஆபத்து, குறியிடப்பட்ட தடத்தைவிட்டு வெளியே செல்வது. அங்கே பனிச்சரிவு நேரக்கூடும். அதன் அபாயத்தை 1 முதல் 5 வரை எண்ணிட்டு நாள்தோறும் அறிவிக்கிறார்கள். '3' என்பது நடுவில் இருப்பதால் நடுத்தரமானது என்று எண்ணிவிடலாகாது. அது கணிசமான அபாயத்தைக் குறிப்பது. பனியில் புதையுண்டவரைச் சில நிமிடங்களுக்குள் தோண்டியெடுத்தால்தான் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. வெளியிலிருந்து மீட்புப் படை வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் அந்நேரம் கடந்துவிடும். எனவே உடனிருப்போரிடம் இடங்காட்டும் கருவியும், துழாவும் கோலும், மண்வாரியும், அவற்றைக் கையாளும் பயிற்சியும் இருக்க வேண்டும். 'எல்லாரும் போகிறார்கள், நானும் போகிறேன்' என்பது அங்கே செல்லுபடியாகாத காரணம்.

காப்பீட்டையும் மறவாதீர்கள். இந்தியக் கடவுச்சீட்டு உடையவர் பிரான்ஸ் செல்ல ஷெங்கன் விசா வேண்டும். அதற்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் வேண்டும். ஆனால் அதில் பனிச்சறுக்கும் அடங்குமா என்று படித்துப் பார்த்தாக வேண்டும். பல பத்திரங்களில் குளிர்கால விளையாட்டுகளுக்குத் தனிக் கட்டணம். பிரான்ஸில் தடத்தில் அடிபட்டவரை மீட்கும் செலவை அவரிடமே வசூலிக்க உள்ளாட்சி மன்றங்களுக்கு உரிமை உண்டு.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னும் இரண்டு செய்திகள். ஒன்று உணவு. ஆல்ப்ஸ் பகுதியில் புகழ்பெற்ற 'ஃபோண்ட்யூ' என்ற பாலாடைக்கட்டி உணவு வெள்ளைத் திராட்சை மதுவில் காய்ச்சப்படுவது. 'தார்திஃப்ளெத்' என்ற உருளைக்கிழங்கு உணவில் பன்றியிறைச்சித் துண்டுகள் சேரும். பாலாடைக்கட்டிதானே என்று நம்பி உண்டுவிடக் கூடாது. இடம் பதிவுசெய்யும்போதே எழுதித் தெரிவித்துவிட்டால் மாற்று உணவு கேட்டுப் பெறலாம். மற்றொன்று தொழுகை. ஜனவரியில் பகல் மிகக் குறுகியது. லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் ஏறத்தாழ ஐந்து மணி நேரத்திற்குள் அடுத்தடுத்து வந்துவிடும். நண்பகல் உணவு வேளையை லுஹருக்கெனத் திட்டமிட்டுக்கொண்டால் தடுமாற்றம் இராது.

இனி, மகனுக்கு விடை சொல்லுங்கள். இக்கேள்விகளை அவனிடமே கொடுத்து, பதில்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். தேடி அறிந்து வந்தானானால், பயணத்திற்கான முதல் தகுதியைப் பெற்றுவிட்டான். பின்னர் ஒன்றுமட்டும் சொல்லி அனுப்புங்கள்: "மகனே! பத்துப் பேர் மேலே ஏறினாலும், உன் மனம் வேண்டாமென்றால் நீ இறங்கிவிடு. உன்னை யாரும் கோழை என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும். நீ நலமாய்த் திரும்புவதையே உன் உம்மா எதிர்பார்த்திருப்பாள்."

கூட்டத்தின் நடுவே 'வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்த பிள்ளையை எந்த மலைக்கும் நம்பி அனுப்பலாம்.