தோட்டா நிரப்பச் சொல்லும் அன்பர்களுக்கு

புலம்பெயர்ந்த நண்பர்கள் சிலருக்கு ஒரு யோசனை பிடித்திருக்கிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும் வேட்டைக்காரர்கள் வெற்றுத் தோட்டாக்களை வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்கிறார்களே, பன்றிக்கும் யானைக்கும் பயிரைப் பறிகொடுக்கும் வன்னி விவசாயி அதைக் கற்றுக்கொண்டால் என்ன என்கிறார்கள். தன்னிறைவு என்று அதற்குப் பெயரும் சூட்டுகிறார்கள். இவ்வளவு பொறுப்பற்ற பேச்சை நான் அண்மையில் கேட்டதில்லை.

அங்கே அத்தொழிலைத் தொடங்குபவன் பொறிமூட்டி, மருந்து, ரவை அனைத்தையும் சட்டப்படி கடையில் வாங்குகிறான். இன்ன கோதுக்கு இன்ன மருந்து இவ்வளவு என்று உற்பத்தியாளர் அச்சிட்டுத் தரும் அட்டவணையை வைத்துக்கொண்டு, துல்லியத் தராசில் நிறுத்துப் போடுகிறான். அவனைக் காப்பாற்றுவது கைத்திறன் அன்று, அந்த அட்டவணைதான்.

2009 மே மாதத்தில் போர் ஓய்ந்தபின் முல்லைத்தீவு மண்ணில் புதைந்து கிடந்தவற்றுக்கு யார் அட்டவணை தருவார்? துப்பாக்கி மருந்து எரிந்து உந்துவது. எறிகணைக்குள் இருப்பதோ எரிவதன்று, ஒரே நொடியில் குமுறிச் சிதறுவது. துவக்குக் குழல் அதைத் தாங்காது. உண்மையான துப்பாக்கி மருந்தே கிடைத்தாலும், வெயிலிலும் ஈரத்திலும் ஆண்டுக்கணக்கில் கிடந்து கெட்டுப்போன மருந்தின் வேகத்தை எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. வெடிபொருளைப் பிரிக்க முற்பட்டவர் கையிழந்தார், உயிரிழந்தார் என்ற செய்திகளை எத்தனை முறை எழுதியும் தொகுத்தும் இருக்கிறோம்! பழைய இரும்பென்று பொறுக்கிய சிறுவர்களும் அவற்றில் உண்டு.

ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் கட்டுத்துவக்கைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பன்றிக்குக் கட்டியது விறகுக்குப் போனவன் காலைத்தான் பதம் பார்க்கிறது. இரைக்குள் வெடி வைக்கும் 'ஹக்க பட்டாஸ்' நாடு முழுவதும் யானைகளின் வாயைக் கிழித்து, நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகவைக்கிறது. இவையெல்லாம் வீட்டுத் தயாரிப்புகள்தாமே? உங்கள் தன்னிறைவு ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது, ஐயா.

ஆனால் விவசாயியை மட்டும் குற்றஞ்சாட்டி எழுந்துபோக நான் தயாரில்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட் சட்டமும் அவனைக் கைது செய்யத் தெரிந்தவை. அவன் உழுந்தையும் நிலக்கடலையையும் காக்க அரசு தருவது என்ன? யானைவெடி! விடியவிடியக் காவற்கொட்டிலில் குந்தியிருப்பவனுக்கு ஒரு பட்டாசு. இரண்டாம் நாளே யானை அதற்குப் பழகிவிடும். அதிகாரிகளுக்கும் அது தெரியும்.

2017 டிசம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. முகமாலையில் ஊர்ப் பெண்கள் வெயிலில் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைத் துழாவிக் கண்ணிவெடி அகற்றினார்கள். ஒரு பக்கம் அவர்கள் அகற்ற, மறுபக்கம் வீட்டுக்கு வீடு வெடிமருந்து சேர்க்கச் சொல்வதா?

உதவ விரும்புவோர் யானைவேலிக்குப் பணம் அனுப்புங்கள். வேலி கட்டியபின் அதைப் பராமரிக்கக் கமக்காரர் அமைப்புக்கும் அனுப்புங்கள். மாவட்டச் செயலகங்கள் உண்மையான விவசாயிகளுக்குரிய துவக்கு அனுமதிப் பத்திரங்களையும் முறையான தோட்டாக்களையும் இழுத்தடிக்காமல் வழங்கட்டும். பயிரிழப்புக்கு அந்தப் போகத்துக்குள்ளேயே நட்டஈடு கிடைக்கட்டும். ஐப்பசியில் பெரும்போக விதைப்பு. அதற்கு முன்னர் இவற்றுள் ஒன்றாவது நடக்குமா என்று மூன்று மாவட்ட அரசாங்க அதிபர்களையும் கேட்கிறேன்.