சத்திரமும் வீடும்

சத்திரத்தில் இடங்கிடையாது கொட்டிலிற் பிள்ளை பெற்ற ஏழைத் தாயின் கதையை மார்கழிதோறும் நினைவுகூரும் தேவாலயங்கள், வீடிழந்த குடும்பங்களுக்குத் தம் கதவைத் திறந்துவிடுதல் பொருத்தமான செயலே. ஐக்கிய அமெரிக்காவில் இச்செயல் பரந்ததோர் ஒழுங்கமைப்பாக வளர்ந்துள்ளது. நத்தார்க் காலத்தில் அதனைப் பாராட்டுவோர் பலர். அப்பாராட்டு எதனை மறைக்கின்றது எனக் கேட்போர் சிலரே.

1986இல் நியூ ஜேர்சி மாநிலத்தில் கரன் ஓல்சன் என்னும் பெண்மணி தொடக்கிவைத்த வலையமைப்பு இதற்குத் தக்க உதாரணம். 'பமிலி ப்ரொமிஸ்' என்பது அதன் இன்றைய பெயர். ஒரு பிரதேசத்தின் தேவாலயங்களும் யூதத் தொழுகைக்கூடங்களும் முறைவைத்து, வாரத்துக்கு ஓரிடமாக, மூன்று நான்கு குடும்பங்களை ஏற்பதே அது வகுத்த முறை. ஓய்வுநாட் பாடசாலை வகுப்பறைகள் படுக்கையறைகளாகும். சபையார் இராச்சாப்பாடு சமைப்பர். இருவர் இரவு துணைக்குத் தங்குவர். விடிந்ததும் பிள்ளைகள் பாடசாலைக்கும், பெற்றோர் தொழிலுக்கோ பகல்நிலையத்துக்கோ செல்வர். ஞாயிறு வந்ததும் மூட்டை முடிச்சுகளுடன் அடுத்த தேவாலயம். 2020இன் பெருந்தொற்றுக்குப் பின் பல கிளைகள் நிலையான விடுதிகளுக்கு மாறியபோதும் இச்சுழன்முறை முற்றாக மறைந்துவிடவில்லை. நகரப் புகலிடங்கள் பலவற்றில் தகப்பனையும் வளர்ந்த மகனையும் தாயிடமிருந்து பிரித்துவிடும் வழக்கம் இருந்தது. இங்கோ குடும்பம் குடும்பமாகவே இருந்தது. இச்சிறப்பை மறுத்தல் நேர்மையன்று.

ஆயினும், வேற்றுப் பிள்ளைகளின் சித்திரங்கள் ஒட்டிய சுவரின்கீழ் உறங்கும் குழந்தை, அடுத்த ஞாயிறு எங்கே படுப்பது என்பதை அறியும். அடுத்த ஆண்டு எங்கே என்பதை அதற்குச் சொல்ல எவருமில்லை. அதன் பெற்றோர் சோம்பேறிகள் என்னும் பழைய உபதேசமும் செல்லாது. அவர்களிற் பலர் உழைப்பவர்கள். வாடகை ஏறிய வேகத்திற் கூலி ஏறவில்லை என்பதே அவர்கள் செய்த குற்றம். 1980களில் ரொனால்ட் றேகனின் ஆட்சி மலிவு வீடமைப்புக்கான கூட்டாட்சி நிதியைக் கடுமையாக வெட்டியது. வலையமைப்புப் பிறந்ததும் அக்காலத்திலேயே. அரசு கைவிட்ட சுமையைத் தேவாலயம் தோளில் ஏற்றது. வாடகையுதவி பெறத் தகுதியுள்ள குடும்பங்களில் ஏறத்தாழ நாலிலொன்றுக்கே இன்றும் அது கிட்டுகின்றது. 2024 தை மாதத்து ஓரிரவில் எடுக்கப்பட்ட அரசாங்கக் கணக்கு 771,480 பேரை வீடற்றோராகக் கண்டது. அவர்களுள் பிள்ளைகளுள்ள குடும்பங்களைச் சேர்ந்தோரின் தொகை ஓராண்டில் 39 சதவீதம் உயர்ந்திருந்தது. இவ்வெள்ளத்தை வகுப்பறைகளில் ஏந்திவிடலாம் என்போர் கணக்கறியாதோர், அல்லது கணக்குப் பார்க்க விரும்பாதோர்.

சோறு சமைப்போர்மீது குறைகூறுவது நியாயமன்று. ஆனால் பல அமெரிக்க நகரங்களிற் குடியிருப்பு நிலத்தின் பெரும்பகுதி தனிவீடுகளுக்கே சட்டத்தால் ஒதுக்கப்பட்டுள்ளது. தொடர்மாடி எழுப்பவேண்டுமெனின் அயலவரின் எதிர்ப்பைக் கடக்கவேண்டும். வாகன நெரிசல், ஊரின் அமைதி, வீட்டு விலை என்று அவர்கள் அடுக்கும் காரணங்கள் பல. மார்கழியில் உணவு பரிமாறிய கை, தை மாதத்து நகரசபைக் கூட்டத்தில், அதே விருந்தினர் குடியேறத்தக்க மாடிக்கு எதிராக உயருமாயின் அவ்விருந்தோம்பலின் பொருள் யாது? விருந்தாளியாக வந்தவன் அயலானாக வருவதையன்றோ அக்கை தடுக்கின்றது!

குழந்தை குளிரில் நடுங்கும்போது நிலச்சட்டம் பேசுவதா என்பர் சிலர். கம்பளியைக் கொடுத்துக்கொண்டே பேசலாம்; வாய் ஓய்ந்துதான் இருக்கின்றது. வழியும் இல்லாமலில்லை. 2023இல் கலிபோர்ணியா மாநிலம் இயற்றிய சட்டமொன்று, சமய நிறுவனங்கள் தம் சொந்தக் காணியில் மலிவு வீடுகள் கட்டுவதற்கு நகரசபை குறுக்கே நிற்பதைப் பெருமளவு தடுத்துள்ளது. வாரத்தில் ஆறு நாள் வெறுமையாய்க் கிடக்கும் வாகனத் தரிப்பிடங்கள் தேவாலயங்களிடம் ஏராளம். ஓர் அறையை ஒரு வாரத்துக்குக் கொடுப்பது எளிது. காணியைக் கொடுப்பதிலேதான் சபையின் மனம் தெரியவரும்.

காணியற்ற சிறு சபைகளும் உள. அவை தம் சமையற் குழுவினரை நகரசபைக் கூட்டத்துக்கு அனுப்பி, மாடி வேண்டுமென்று சொல்லச் செய்யலாம். அன்று இராச்சாப்பாடு சற்றுத் தாமதிப்பதை விருந்தினர் பொறுத்துக்கொள்வர்.